மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் விதியும் மெய்ம்மையும்

மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி, எப்படி முடியும் என்று தெரியாத செயல்களைப் பகடை உருட்டித் தீர்த்துக்கொள்ளும் ஆட்டம் பாத்திரமேற்பு விளையாட்டு. நடுவர் உலகத்தை விவரிப்பார். அந்த உலகில் தாங்கள் என்ன செய்கிறோம் என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். பூட்டு திறக்குமா, வாள் வீச்சு படுமா, மலையுச்சியிலிருந்து விழுந்தவன் பிழைப்பானா என்பதற்கெல்லாம் விதி வேண்டும். அந்த விதி இயற்பியலுக்கும் உடற்கூற்றுக்கும் எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்ற வழக்கு இந்த ஆட்டத்தைவிட மூத்தது.

அதன் வேர் பிரஷ்ய இராணுவத்தில் இருக்கிறது. ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812இல் அரசருக்காக ஒரு போர் விளையாட்டு மேசையைச் செய்து கொடுத்தார். பீரங்கிப்படை அதிகாரியான அவருடைய மகன் 1824இல் அதை 1:8000 அளவு நிலப்படத்தில் ஆடும் பயிற்சியாக வளர்த்தார். துப்பாக்கிச் சூட்டில் எத்தனை பேர் விழுவார்கள் என்பதற்கு அட்டவணை இருந்தது. போரின் தற்செயலுக்குப் பகடை இருந்தது. ஆனால் அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் நகராமல் போயிற்று. 1870–71இல் பிரான்சை வென்று திரும்பிய பின், யாக்கோப் மெக்கெல் 1873இலும் ஃபெர்டி டு வெர்னுவா 1876இலும் இந்தக் குறையை எழுதினார்கள். போரைப் பார்த்த நடுவரின் தீர்ப்பே போதும் என்று வெர்னுவா விதிகளையே ஒதுக்கிவைத்தார். மெய்ம்மை எங்கே இருக்கிறது, அட்டவணையிலா, அனுபவம் உள்ளவரின் சொல்லிலா? பின்னால் வந்த சண்டைகள் எல்லாம் இந்தக் கேள்வியின் கிளைகளே.

அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னிசன் 1970களின் தொடக்கத்தில் தம் நண்பர்களுடன் ‘பிளாக்மூர்’ என்ற கற்பனை நாட்டில் ஆடிவந்தார். கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் எழுதிய ‘செயின்மெயில்’ (1971) என்ற போர்விதி நூலில் சாதாரண வீரன் ஒரே அடியில் விழுந்துவிடுவான். படைப்பிரிவுகளை நகர்த்துகிறவருக்கு அது பெரிதல்ல. ஒரே ஒரு மனிதனைத் தன்னுடையவன் என்று வளர்ப்பவருக்கு அது தாங்காது. ஆர்னிசனின் நண்பர்கள் தங்கள் வீரர்களை அவ்வளவு எளிதாகச் சாகவிட விரும்பவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கப்பல்களுக்காகத் தாம் முன்பே செய்திருந்த கணக்கை ஆர்னிசன் எடுத்துவந்தார். ஒரு குண்டில் கப்பல் மூழ்காது. இத்தனை அடி தாங்கும் என்று ஓர் எண் இருக்கும். அந்த எண்தான் மனித உடலுக்கு ‘ஹிட் பாயிண்ட்’ ஆனது. 1974இல் கைகாக்ஸ், ஆர்னிசன் இருவர் பெயரிலும் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதை உலகெங்கும் கொண்டுசென்றது. கடைசிப் புள்ளி தீரும்வரை வீரன் முழுத் தெம்போடு வாள் வீசுகிறான் என்ற விசித்திரம் இப்படிப் பிறந்தது. அது கவனக்குறைவால் நேர்ந்த பிழை அல்ல. ஆடுகிறவர்களின் பாசத்துக்கு விதி கொடுத்த விலை அது.

குறை சொன்னவர்களுக்குக் கைகாக்ஸ் 1979இல் வெளியான நடுவர் கையேட்டில் பதில் எழுதினார். மெய்ம்மையை நகலெடுக்கும் பள்ளி ஒன்று, ஆட்டத்தை முதலில் வைக்கும் பள்ளி மற்றொன்று என்று பிரித்து, தம்முடையது இரண்டாவது என்று அறிவித்தார். ஹிட் பாயிண்ட் சதையை மட்டும் அளப்பதல்ல என்றும், திறமையும் நல்லூழும் அதில் சேர்த்தி என்றும் விளக்கினார். இந்த விளக்கத்தில் ஓர் ஓட்டை உண்டு. இழந்தது நல்லூழ் என்றால், அதை ஏன் காயத்தைப் போல மருந்தும் மந்திரமும் ஆற்றுகின்றன?

மெய்ம்மைக்கு நெருக்கமான விதிகளை எழுத, அந்தக் கையேட்டுக்கு முன்பும் பின்பும் பலர் முயன்றார்கள். கனடாவைச் சேர்ந்த எட்வர்டு சிம்பாலிஸ்டும் வில்ஃப் பேக்ஹாஸும் எழுதிய ‘ஷிவல்ரி அண்ட் சோர்சரி’ (1977) இடைக்கால ஐரோப்பாவின் பிறப்பு, குலம், நிலவுடைமை அனைத்தையும் விதிக்குள் கொண்டுவந்தது. ஸ்டீவ் பெரின் முதலியோரின் ‘ரூன்குவெஸ்ட்’ (1978), இடைக்காலச் சண்டையைக் கவசம் அணிந்து நிகழ்த்திப் பார்க்கும் சங்கத்தில் பழகியவர்களின் கைவேலை. அதில் கவசம் அடியைத் தாங்கும். அடி கையிலோ காலிலோ தலையிலோ குறிப்பிட்ட இடத்தில் விழும். காலத்துணுக்கும் சுருங்கிக்கொண்டே வந்தது. கைகாக்ஸின் ஒரு சுற்று 1 நிமிடம். ரூன்குவெஸ்டில் 12 நொடி. ஸ்டீவ் ஜாக்சனின் ‘கர்ப்ஸ்’ (1986) ஆட்டத்தில் 1 நொடி. அதே ஆண்டு வந்த ‘ஃபீனிக்ஸ் கமாண்ட்’ துப்பாக்கிச் சண்டையை அரை நொடிகளாக அறுத்தது. அங்கே ஒரு தோட்டா உடலுக்குள் எந்த உறுப்பைத் துளைத்தது என்பதற்கு அட்டவணைக்கு மேல் அட்டவணை புரட்ட வேண்டும். அரை நொடிச் சண்டையைக் கண்டுபிடிக்க நிமிடக்கணக்கில் கூட்டிக் கழித்தால், சண்டையின் அவசரமே செத்துவிடும். அந்த அவசரமும் மெய்ம்மையில் ஒரு பாதி. ரூன்குவெஸ்ட் நிலைத்ததற்குக் காரணம் கணக்கின் நுணுக்கம் அல்ல. எவ்வளவு பெரிய வீரனும் ஒரே வீச்சில் கால் இழக்கலாம் என்ற அச்சத்தை அது மேசையில் உட்கார வைத்தது. வாளை உருவுமுன் ஆட்டக்காரர் யோசிக்கிறார். உண்மையான வாளின் முன் மனிதன் செய்வதும் அதுவே.

உயரத்திலிருந்து விழும் விதி பட்ட பாடு தனிக்கதை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கையேட்டில் அது எளிது: 10 அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை, அதிகபட்சம் 20 பகடை. பெரிய வீரர்கள் பாதாளத்தில் குதித்து, எழுந்து நடந்தார்கள். உண்மையில் அடுத்தடுத்த ஒவ்வொரு 10 அடிக்கும் சேரும் பகடைகளின் எண்ணிக்கையே ஏறிக்கொண்டு போக வேண்டும் என்பதே கைகாக்ஸின் எண்ணம் என்று 1983இல் ‘டிராகன்’ இதழில் விளக்கம் வந்தது. அடுத்த ஆண்டு அதே இதழில் இயற்பியல் வாதம் மூண்டது. விழும் வேகத்தை எடுத்துக் கணக்கிட்டது ஒரு தரப்பு. அடியைத் தருவது வேகம் அல்ல, இயக்க ஆற்றல் என்றது மறுதரப்பு. காற்றின் தடையை விட்டுவிட்டால், அந்த ஆற்றல் விழுந்த உயரத்துக்கு நேர்விகிதமானது. அப்படியானால் ஆரம்பத்திலிருந்த 10 அடிக்கு ஒரு பகடை என்ற எளிய விதியே இயற்பியலுக்கு நெருக்கமானது! விழுந்தவன் பிழைத்தது விழுவதற்கான விதியால் அல்ல, கப்பலிலிருந்து வந்த அந்த எண்ணால்தான்.

அதே 1984இல் கிரெக் காஸ்டிக்கியனின் ‘டூன்’ வந்தது. கேலிச்சித்திரப் படங்களின் உலகம் அது. பாறை விளிம்பைத் தாண்டி நடப்பவர், காலடியில் தரை இல்லை என்பதைக் கவனிக்காதவரை விழுவதில்லை. யாரும் சாவதுமில்லை, மூன்று நிமிடம் ஆட்டத்தை விட்டு ஒதுங்கியிருந்து திரும்பலாம். புவியீர்ப்பையே மீறுகிற இந்த விதி, தான் எடுத்துக்கொண்ட உலகத்துக்கு முற்றிலும் மெய்யானது. எதற்கு மெய்யாக இருப்பது என்று கேட்காமல் மெய்ம்மையைப் பேச முடியாது என்பதை இந்தச் சிறு நூல் எந்தக் கட்டுரையையும்விடத் தெளிவாகக் காட்டியது. 1990களின் கடைசியில் ஆட்டம், கதை, உலகநகல் என்று மூவகை நாட்டங்களைப் பிரித்த கோட்பாடுகளும், 1999 முதல் ரான் எட்வர்ட்ஸ் எழுதியவையும் இதைக் கலைச்சொற்களில் வகுத்தன.

2008இல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் பதிப்பு ஆட்டத்தின் சமநிலையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தது. மூலைவாட்டில் நகர்ந்தாலும் ஒரு கட்டம்தான் என்றானதால் மந்திரத் தீப்பந்து சதுரமாக வெடித்தது. வாள்வீரனின் சில அடிகளை நாளுக்கு ஒருமுறைதான் அடிக்கலாம் என்றார்கள். ஏன் ஒருமுறை என்று அந்த வீரனால் சொல்ல முடியாது. ஆட்டக்காரரால் மட்டுமே சொல்ல முடியும். பலர் விலகினார்கள். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்தக் கட்டுகளைத் தளர்த்தியது. நீண்ட ஓய்வில் எல்லா ஹிட் பாயிண்டும் மீளும் என்பதை மட்டும் விடவில்லை. இன்னொரு பக்கம், வெர்னுவாவின் வழியைப் பெயர் சொல்லியே மீட்டெடுத்து, நடுவரின் தீர்ப்பை மட்டும் நம்பி ஆடும் குழுக்கள் அண்மை ஆண்டுகளில் தோன்றியுள்ளன.

2024இல் திருத்தி வெளியிடப்பட்ட ஆட்டக்காரர் கையேட்டிலும் விழுவதற்கான விதி மாறவில்லை: 10 அடிக்கு ஓர் ஆறுமுகப் பகடை, அதிகபட்சம் 20.