காஞ்சிபுரம்: நெசவாளர் குடும்பங்களும் தொடக்கக் கல்வியும்

காஞ்சிபுரத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளன. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் பள்ளிக் கல்வியின் வரலாறு பட்டுத்தறியோடு பிணைந்தது.

தறியும் வருகையும்: கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். அதை நெய்ய மூன்று நாடாக்கள் தேவை. நெசவாளர் தறிக்குழியில் அமர்ந்திருக்க, மறுகரையின் நாடாவை வாங்கிக் கொடுக்க அருகில் ஓர் உதவியாள் வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர். பெற்றோர் வாங்கிய முன்பணம் பலரைத் தறியிலேயே கட்டிப்போட்டது. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட, இந்தியப் பட்டுத்தொழிலில் குழந்தைக் கொத்தடிமை குறித்த அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது.

சட்டமும் திட்டமும்: 6 முதல் 14 வயது வரை கட்டாய இலவசக் கல்வியை உறுதிசெய்யும் 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்தது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவ விலக்களித்தது. வீடே தறிக்கூடமான ஊரில் இவ்விலக்கைக் கண்காணிப்பது இன்றியமையாதது. 1982இன் சத்துணவுத் திட்டமும் 2022இன் காலை உணவுத் திட்டமும் ஏழைப் பிள்ளைகளின் வருகைக்குத் துணைநிற்கின்றன.

கற்றல் அடைவு: கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கப்பட்டது. எட்டு வயதுக்குள் பிள்ளைகளைப் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வைப்பதே இதன் இலக்கு. தேர்ச்சியை மதிப்பிடும்போது குடும்ப வருமானம், தறிவேலை, வருகை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்ப்பதே நியாயம்.