நாணயங்களில் நடந்த அதிகாரப் போட்டி

செய்தி ஊடகங்கள் இல்லாத மத்திய காலத்தில், ஆட்சியாளர் யார், அவரது அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை மக்களின் கைகளுக்கே கொண்டுசென்றவை நாணயங்கள். ஏழாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசும் உமய்யா கலீபாக்களும் வெளியிட்ட பொற்காசுகள் இதற்கு முக்கிய உதாரணமாகும்.

630களிலும் 640களிலும் சிரியாவையும் எகிப்தையும் பைசாந்தியர்களிடம் இருந்து கைப்பற்றிய அராபியர்கள், அங்கிருந்த நாணய முறையை உடனடியாக மாற்றவில்லை. ஒருபுறம் பேரரசரின் உருவமும், மறுபுறம் படிகளின் மீது நிற்கும் சிலுவையும் கொண்ட காசுகளே தொடர்ந்து புழங்கின.

685ஆம் ஆண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் இரண்டாம் ஜஸ்டினியனும், டமாஸ்கஸில் அப்துல் மாலிக்கும் ஆட்சிக்கு வந்த பின்னர் நிலைமை மாறியது.

ஜஸ்டினியன், நாணயத்தின் முகப்பில் இயேசு கிறிஸ்துவின் உருவத்தைப் பொறித்தார். தனது உருவத்தைப் பின்பக்கத்துக்கு மாற்றி, தன்னைக் கிறிஸ்துவின் ஊழியன் என்று அறிவித்துக்கொண்டார். தனது அதிகாரம் இறைவனிடம் இருந்தே நேரடியாக வருகிறது என்பதே இதன் பொருள்.

அப்துல் மாலிக்கோ, முதலில் சிலுவையின் குறுக்குச் சட்டத்தை நீக்கி, படிகளின் மேல் வெறும் கம்பத்தை மட்டும் விட்டுவைத்தார். அடுத்து, வாளுடன் நிற்கும் கலீபாவின் உருவம் வந்தது. இறுதியில், ஹிஜ்ரி 77, அதாவது 696-697இல், உருவங்கள் அனைத்தும் அகற்றப்பட்டன. இறைவன் ஒருவனே, அவனுக்கு இணையோ பிள்ளையோ இல்லை என்று கூறும் அரபு வாசகங்கள் மட்டுமே புதிய தினாரில் இடம்பெற்றன. கலீபாவின் பெயர்கூட அதில் இல்லை.

இதில் யார் யாருக்குப் பதிலளித்தார் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கிறிஸ்துவின் இறைமகன் தன்மை குறித்த விவாதம், சந்தையில் கைமாறும் காசிலேயே நடந்தது என்பது தெளிவு.

எனினும், ஒரு நாணயத்தின் செல்வாக்கை அதன் வாசகம் மட்டுமே தீர்மானிப்பதில்லை. இங்கிலாந்தின் மெர்சியா பகுதியை 757 முதல் 796 வரை ஆண்ட கிறிஸ்தவ மன்னர் ஆஃபா, அப்பாசிய கலீபா அல் மன்சூர் காலத்து தினாரைப் பார்த்து ஒரு பொற்காசு அடித்தார். அதன் அரபு வரிகளுக்கு இடையே அவரது பெயர் தலைகீழாகப் பொறிக்கப்பட்டுள்ளது. அரபு எழுத்துகளிலும் பிழைகள் உள்ளன. காசை அடித்தவர்களுக்கு அந்த மொழி தெரியாது என்பதையே இவை காட்டுகின்றன.

சிலுவைக்கு மாற்றாக உருவான இஸ்லாமிய வாசகம், இவ்வாறு ஒரு கிறிஸ்தவ மன்னரின் பெயரையே தாங்கியது. அதை அங்கு கொண்டுசேர்த்தது மதமல்ல. தினாரின் தங்கத்தின் மீது வணிகர்கள் வைத்திருந்த நம்பிக்கை. அந்தக் காசு தற்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.