நைனா எழுதின மூணு கார்டு

சம்பா நடவு முடிஞ்சு நேத்துதான் கை ஓய்ஞ்சது. ஐப்பசி மழையும் பிடிச்சிடுச்சு, வெளியே போக வழியில்லை. எங்க நைனா ரேடியோவுக்குக் கார்டு போட்ட கதையை எழுதறேன்னு போன பொங்கலப்பவே இங்கே சொல்லியிருந்தேன். இன்னிக்கு எழுதிடறேன். ஆனா நைனா கதையை மட்டும் சொன்னா பாதிதான் புரியும். ரேடியோ பேச ஆரம்பிச்ச காலத்துல இருந்து, கேக்கறவங்க அதுக்கு எப்படித் திருப்பிப் பேசினாங்கன்னு தெரிஞ்சாத்தான் அந்தக் கார்டுங்களோட மதிப்பு தெரியும். அதனால கொஞ்சம் பின்னாடியிருந்து வரேன்.

புதுசா படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. எங்க ஊர் மீஞ்சூருக்கு வடக்கே. வரப்பு மேல நின்னா எண்ணூர் பக்கத்துப் புகைபோக்கிங்க தெரியும். மெட்ராஸ்னா எங்களுக்கு மயிலாப்பூரும் தி.நகரும் இல்லை; திருவொற்றியூர், ராயபுரம், கொத்தவால்சாவடிதான்.

மெட்ராஸ்ல வானொலி முதல்ல ஒலிச்சது 1924-ல். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று ஆரம்பித்த மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், அந்த வருஷம் ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. காசு போதாமல் 1927-ல் நின்றுபோனது. கிளப்போட கருவி மாநகராட்சி கைக்குப் போனது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே வானொலி நடத்தியது. பெட்டி வாங்க வசதி இல்லாத ஜனங்களுக்காக மெரினா, ஐகோர்ட் கடற்கரை, பீப்பிள்ஸ் பார்க், ராயபுரம் ராபின்சன் பூங்கா மாதிரி இடங்கள்ல ஒலிபெருக்கி வைத்தார்கள். 1949-ல் தி.மு.க. தொடக்க விழாக் கூட்டம் நடந்த அதே ராபின்சன் பூங்காதான்.

எங்க தாத்தா கத்திரிக்காயும் கீரையும் ஏத்திக்கிட்டுக் கட்டைவண்டியில கொத்தவால்சாவடிக்குப் போவார். திரும்பி வர வழியில ராபின்சன் பார்க்காண்ட மாட்டை அவுத்துத் தண்ணி காட்டிட்டு, சாயந்தரப் பாட்டு கொஞ்சம் கேட்டுட்டுத்தான் வருவாராம். "நல்லா பாடினா சனம் நிக்கும், சும்மா இழுத்துக்கினே இருந்தா எழுந்து போயிடும்"னு சொல்லுவார். நேயர் கருத்துன்னு இன்னிக்கு நாம சொல்றது அன்னிக்கு அவ்வளவுதான். பாடறவருக்கு அது தெரியவும் தெரியாது. அவர் எங்கேயோ ஒரு அறைக்குள்ள உக்காந்து பாடறார், இங்கே சனம் துண்டை உதறிக்கிட்டு எழுந்து போகுது.

1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் தொடங்கியது. அடுத்த வருஷம் திருச்சி. அப்புறம்தான் கடிதம் போடற பழக்கம் பெருசாச்சு. ஆனா யார் போட்டாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. பெட்டி வாங்கக் காசு வேணும், வருஷா வருஷம் தபாலாபீஸ்ல லைசென்ஸ் கட்டணும், அதுக்கு மேல எழுதப் படிக்கத் தெரியணும். தமிழ்ப் பாட்டு போதலை, கச்சேரி நேரம் சரியில்லைன்னு சண்டை போட முடிஞ்சவங்க பட்டணத்துக்காரங்க. கிராமத்துக்கு ரேடியோ வந்தது பஞ்சாயத்துப் பெட்டியா. ஊருக்கு ஒரு பெட்டி, கூரை மேல ஒரு குழாய். அது பேசும், நாம கேக்கணும். வேணாம்னா நிறுத்தக்கூட நம்ம கையில இல்லை.

ஆனாலும் கேக்கறவன் கையில ஒண்ணு இருந்தது, திருகு. 1952-ல் மத்தியில தகவல் ஒலிபரப்பு அமைச்சரா வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்க ரசனையைக் கெடுக்குதுன்னு வானொலியில அதைக் குறைச்சார். ஜனங்க மனு கொடுக்கலை, ஊர்வலம் போகலை. திருகைத் திருப்பி இலங்கை வானொலி வெச்சுக்கிட்டாங்க. அங்கே அமீன் சயானி நடத்திய இந்திப் பாட்டு நிகழ்ச்சிக்கு வாரத்துக்கு ஆயிரக்கணக்குல கடிதம் போனது. தமிழ்ப் பாட்டுக்கும் நம்ம பக்கத்துல இலங்கை வானொலிதான். எண்ணூர்ல வண்டித் தொழிற்சாலை, திருவொற்றியூர்ல மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைன்னு வந்த காலம் அது. ஷிப்ட் முடிஞ்சு டீக்கடையில நிக்கற ஆளுக்கு வேண்டியது ஒரு பாட்டு. அதை எந்த நிலையம் போடுதோ அதுதான் அவனோட நிலையம். கடைசியில 1957 அக்டோபர் 3 அன்று நம்ம அரசு வானொலியே விவித் பாரதியைத் தொடங்கிச் சினிமாப் பாட்டைத் திரும்பக் கூட்டிக்கிட்டு வந்தது. கேக்கறவங்க வாய் திறக்காமலே ஜெயிச்ச வழக்கு இது.

விவசாயிங்க விஷயம் வேற. எங்களுக்குப் பாட்டு மட்டும் போதாது, கேட்ட கேள்விக்குப் பதில் வேணும். அதுக்கு வழி பண்ணிப் பாத்தது 1956-ல், பூனாவுல. யுனெஸ்கோ உதவியோட, அந்தப் பக்கத்து 5 மாவட்டங்கள்ல 150 கிராமத்துல வானொலி மன்றம் அமைத்தார்கள். கனடாவுல 1941 முதல் நடந்த பண்ணை வானொலி மன்றம்தான் முன்மாதிரி. ஊருக்கு இருபது பேர் போல உக்காந்து நிகழ்ச்சியைக் கேக்கணும், முடிஞ்சதும் அதைப் பத்திப் பேசணும், பேசினதையும் சந்தேகத்தையும் எழுதி நிலையத்துக்கு அனுப்பணும். பதில் பின்னால வர்ற நிகழ்ச்சியில வரும். பால் நியூரத் என்ற சமூகவியலாளர் அதை ஆராய்ந்தார். மன்றம் வெச்ச கிராமத்து ஜனங்க, சும்மா ரேடியோ மட்டும் கேட்ட கிராமத்தைவிட ரொம்ப அதிகமா விஷயத்தைக் கத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சது. 1959-ல் இந்த ஏற்பாட்டை நாடு முழுக்க விரிவாக்கினார்கள்.

நம்ம தமிழ்நாட்டுல இதுக்குப் பெரிய சாட்சி 'ரேடியோ நெல்'. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தோட ஏ.டி.டி. 27, 105 நாள் போலக் குறுகிய வயசு, குறுவைக்கு ஏத்த ரகம். 1966 வாக்குல வானொலியில பண்ணை நிகழ்ச்சிக்குன்னே தனிப் பிரிவு வந்த நேரம். திருச்சி வானொலி இந்த நெல்லைப் பத்தித் தொடர்ந்து சொன்னது. எந்த நாள் நாத்து விடணும், எவ்வளவு உரம், என்ன பூச்சி வரும்னு. தஞ்சாவூர் விவசாயிங்க ரகத்தோட நம்பரை மறந்துட்டு, "ரேடியோ நெல்லு குடு"ன்னு கேட்டு வாங்கினாங்களாம். நெல்லுக்கு ரேடியோ பேரே வந்துடுச்சு. வயலை நம்பறவன் ஒரு குரலை நம்பினான்னா, அதைவிட நல்ல நேயர் கடிதம் எது?

இப்போ நைனா.

1980-கள் ஆரம்பம். முதல்ல கண்டுபிடிச்சது அம்மாதான். கிணத்துத் தண்ணியில பருப்பு வேகலை. சோப்பு நுரைக்கலை. அடுத்த போகத்துல நாத்து நுனி வெளுத்துக் கருகிச்சு. நைனா ஜிப்சம் வாங்கிப் போட்டார், ஒண்ணும் ஆகலை. அப்பத்தான் 15 பைசா கார்டு வாங்கி, சென்னை வானொலியோட விவசாய நிகழ்ச்சிக்கு எழுதினார். ஐந்தாவது வரை படிச்ச ஆள். நாலு தரம் சிலேட்டுல எழுதிப் பாத்துட்டு அப்புறம் கார்டுல எழுதினார்.

ஒரு மாசம் கழிச்சு ஒரு சாயந்தரம் பதில் வந்தது. எங்க ஊர் பேரையும் நைனா பேரையும் ரேடியோவுல படிச்சாங்க. தெருவே எங்க திண்ணையில உக்காந்திருந்தது. பெரியப்பா, "டேய், உன் பேரு மெட்ராஸ்ல கேக்குதுடா"ன்னு தொடையில அடிச்சிக்கிட்டார். பேசின வேளாண் அதிகாரி பொறுமையா சொன்னார்: களர் வேற, உவர் வேற. ஜிப்சம் களருக்குத்தான் கேக்கும். உங்களுது உவரா இருக்கலாம், மண்ணையும் தண்ணியையும் பரிசோதனைக்கு அனுப்புங்க. தக்கைப்பூண்டு விதைச்சு மடக்கி உழுங்க. குத்துக்கு நாத்து கூடுதலா வையுங்க. உப்பைத் தாங்கற கோ 43 போட்டுப் பாருங்க. கடைசியா ஒண்ணு சொன்னார்: வயல்ல நல்ல தண்ணி நிறுத்தி, உப்பைக் கரைச்சு வடிச்சு விடுங்க.

நைனா எல்லாத்தையும் காலண்டர் பின்பக்கம் குறிச்சுக்கிட்டார். சொன்னபடியே செஞ்சார். கோ 43 அந்த வருஷம் ஏமாத்தலை. முடியாதது அந்தக் கடைசி விஷயம் மட்டும்தான். நல்ல தண்ணிக்கு எங்கே போறது? தண்ணிதானே கெட்டுப்போச்சு!

ரெண்டாவது கார்டு 1984 நவம்பர்ல. எண்ணூர் குப்பத்துல நைனாவுக்கு ஒரு கூட்டாளி உண்டு. நாங்க நெல்லு குடுப்போம், அவர் கருவாடு குடுப்பார். கையெழுத்துகூடப் போடத் தெரியாது. ரேடியோ புயல் அறிவிப்பு சொன்னா, அதைக் காத்தோடயும் அலையோடயும் ஒத்துப் பாத்துட்டுத்தான் முடிவு எடுப்பார். "கடலுக்குப் போகாதேன்றான், கஞ்சிக்கு இன்னா பண்றது?"ன்னு திட்டவும் செய்வார். அந்தத் தடவை ரேடியோ சொன்னதைக் கேட்டுக் கட்டுமரத்தை மேல ஏத்திட்டார். புயல் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் கரையைக் கடந்தது. தண்ணி வடிஞ்சதும் எங்க வீட்டுக்கு வந்தார். "அந்த ரேடியோக்காரருக்கு ஒரு கார்டு எழுதுபா. நீங்க சொன்னீங்க, நாங்க போவலை, உசுரோட கீறோம்னு எழுது" என்றார். நைனா எழுதிப் போட்டார். அது பதில் கேக்காத கார்டு. வானொலிக்கு ஆயிரம் நேயர் கடிதம் வந்திருக்கும். ஆனா காசிமேட்டுல இருந்து பழவேற்காடு வரைக்கும் கடலுக்குப் போறவங்கள்ல எத்தனை பேர் கையெழுத்து அதுல இருந்திருக்கும்? குரலை நம்பி உயிரை வெச்சவங்க எழுதத் தெரியாதவங்களா இருந்தாங்க.

மூணாவது கார்டு போடவே இல்லை. எழுதினது உண்மை. எங்க தண்ணி ஏன் உப்பாச்சுன்னு அதுக்குள்ள நைனாவுக்குப் புரிஞ்சிருந்தது. நிலத்தடியில நல்ல தண்ணி நிறைய இருக்கற வரைக்கும் அது கடல் தண்ணியை அந்தப் பக்கமே தள்ளி வெக்கும். இறைச்சு இறைச்சு மட்டம் கீழே போனா, கடல் உள்ளே வரும். 1960-கள் கடைசியில இருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம்னு ஆழ்குழாய்க் கிணறுங்க போட்டு, பட்டணத்துக்கும் தொழிற்சாலைங்களுக்கும் தண்ணி எடுத்தாங்க. நாங்களும் சும்மா இல்லை, பம்ப்செட் போட்டு இறைச்சோம். அதையும் சொல்லத்தான் வேணும். கடல் பல கிலோமீட்டர் உள்ளே வந்துடுச்சு.

நைனா எழுதின கேள்வி இதுதான்: "நல்ல தண்ணி விடச் சொன்னீர்கள். அந்தத் தண்ணீரை எடுப்பதை யார் நிறுத்துவார்கள்?" எழுதிட்டு ரெண்டு நாள் சட்டைப் பையிலயே வெச்சிருந்தார். அப்புறம் எடுத்துக் கணக்கு நோட்டுக்குள்ள சொருகிட்டார். "ஏன் நைனா போடலை?"ன்னு கேட்டேன். "ரேடியோக்காரர் இன்னாடா பண்ணுவாரு பாவம். வெதை கேட்டா வெதை சொல்லுவாரு. தண்ணிய எடுக்காதேன்னு அவரு யார்கிட்ட போய் சொல்லுவாரு?"

எனக்கு இப்பவும் இதுதான் தோணுது. எப்படிச் செய்யறதுன்ற கேள்விக்கு வானொலி மாதிரி நல்ல வாத்தியார் கிடையாது. ஏன் இப்படி ஆச்சு, யார் நிறுத்தறதுன்ற கேள்விக்கு எந்த முகவரிக்குக் கார்டு போடறதுன்னு நைனாவுக்குத் தெரியலை. குறை ரேடியோ மேல இல்லை. ஒலிபரப்பறவங்க கேட்டதுக்குத்தான் பதில் சொல்ல முடியும். கேக்கறவன் இது கேட்டா ஆகாதுன்னு தானே மடிச்சு வெச்ச கேள்வி எந்த நேயர் கடிதக் கணக்குலயும் வராது.

1987-ல் சென்னைப் பெருநகர்ப் பகுதியில நிலத்தடி நீர் எடுக்கறதை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. 2010-ல் காட்டுப்பள்ளியில கடல் தண்ணியைக் குடிதண்ணி ஆக்கற ஆலை வந்தது. ஆனா எங்க கிணறு இன்னும் உப்புதான். 2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலி தொடங்கியது, அதே வருஷம் விவசாயிங்களுக்கு 1800-180-1551 தொலைபேசி உதவி வந்தது. இப்போ எனக்கு இலைச் சுருட்டுப்புழுன்னா போன் அடிச்சா அஞ்சு நிமிஷத்துல பதில் கிடைக்குது. நைனா ஒரு மாசம் காத்திருந்தார்.

நாங்க இப்போ மழையை நம்பி ஒரு போகம்தான். ஐப்பசி மழைத் தண்ணியை வயல்ல நிறுத்தி, உப்பைக் கரைச்சு, வடிகால்ல விட்டுட்டு அப்புறம் நடறோம். அன்னிக்கு ரேடியோவுல அந்த அதிகாரி சொன்ன கடைசி விஷயம்தான் அது. வானம் குடுத்தா செய்யறோம்.

மூணாவது கார்டு இன்னும் அந்த நோட்டுக்குள்ளதான் இருக்கு. முகவரி எழுதியிருக்கு, முத்திரை விழலை. உங்க வீட்டுல யாராவது வானொலிக்குக் கார்டு போட்டிருந்தா, என்ன கேட்டாங்கன்னு பெரியவங்க கிட்ட விசாரிச்சு எழுதுங்க. போடாம வெச்ச கார்டு இருந்தா அதையும் சொல்லுங்க. மழை விட்டதும் களையெடுப்பு இருக்கு, அடுத்த வாரம் பாக்கலாம்.