கேப்பை ரொட்டியும் பெரியாத்துத் தண்ணியும்

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒரு புராஜெக்ட் கொடுத்திருந்தார்கள். ‘எங்கள் ஊரின் பாரம்பரிய உணவு’. ஒரு பக்கம் எழுதி, படம் ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். யோசிக்காமல் சொன்னேன்: “கேப்பை ரொட்டின்னு எழுது. முருங்கைக்கீரை, வெங்காயம் எல்லாம் போட்டுத் தட்டுறது. தேனிப் பக்கம் ஆயிரம் வருசமா அதைத்தான் சாப்பிடுறாங்க.”

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சிரித்தார்.

“ஏதுய்யா ரொட்டி? களிதான் கிண்டுவாக. ரொட்டியெல்லாம் என்னைக்காவது மழை பேஞ்சு, வேலைவெட்டி இல்லாம வீட்டுல கெடந்தா, பிள்ளைக அழுதா, எண்ணெயும் இருந்தா.”

நான்கு நிபந்தனைகள். நம்ம வேலையில் நாலு ‘இஃப்’ உள்ளுக்குள் உள்ளாக எழுதினால் அந்த வரி எப்போதாவதுதான் ஓடும். ஆயிரம் வருசம் என்று நான் அடித்துவிட்டதை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து இரண்டு மாதம் கிடைத்த நேரத்தில் தேடியதும், அம்மாவிடம் துருவித் துருவிக் கேட்டதும்தான் இந்தக் குறிப்பு.

ஏன் களி, ஏன் ரொட்டி இல்லை?

முதலில் மாவின் குணம். கோதுமை மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் குளூட்டன் என்ற புரதம் வலைபோலப் பின்னிக்கொள்ளும். அதனால் சப்பாத்தியைக் கட்டையால் மெல்லிசாகத் தேய்க்க முடிகிறது. கேழ்வரகு (எங்கள் பக்கம் கேப்பை), கம்பு, சோளம் எதிலும் அந்தப் புரதம் கிடையாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் ஓரம் வெடிக்கும், எடுத்தால் உடையும். கொதிக்கிற தண்ணீர் விட்டால் மாவுச்சத்தில் ஒரு பகுதி வெந்து பசையாகிப் பிடித்துக்கொள்ளும். அப்போதும் தேய்க்க முடியாது, கையால் தட்டத்தான் முடியும்.

அடுத்தது கணக்கு. அம்மா பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு மானாவாரி ஊர். வீட்டில் பதினோரு பேர். ஆளுக்கு மூன்று ரொட்டி என்றால் முப்பத்து மூன்று. ஒவ்வொன்றாகத் தட்டி, ஒவ்வொன்றாகச் சுட்டு, கல்லுக்கு எண்ணெய் விட்டு… காட்டு வேலைக்குக் கிளம்புகிற வீட்டில் இது நடக்குமா? களிக்கு ஒரு பானை, ஒரு துடுப்பு, ஒரே அடுப்பெரிப்பு. எண்ணெயே வேண்டாம். மிஞ்சியதை இரவில் தண்ணீரில் போட்டுவைத்தால் காலையில் கரைத்துக் குடிக்கலாம். களியைப் பதினோரு பேருக்குமாகச் சேர்த்துக் கிண்டலாம். ரொட்டிக்கு அந்த வசதி இல்லை. இதை ஒருபோதும் நான் யோசித்ததே இல்லை.

பழசு எது, புதுசு எது

‘அடை’ என்ற சொல் பழசு, அதில் சந்தேகமில்லை. மதுரைக்காஞ்சியில் மதுரையின் இரவுக் கடைகளில் மெல்லடை விற்கிறார்கள். அதைத் தேன்கூட்டோடு ஒப்பிடுகிறார் புலவர். தேனடை மாதிரி கண் கண்ணாக இருந்தது என்றால் அது இன்றைய ஆப்பத்துக்குத்தான் சொந்தக்காரன், நாம் தட்டுகிற ரொட்டிக்கு இல்லை என்பது என் ஊகம். ‘ரொட்டி’ என்ற சொல் பிறகு வடக்கிலிருந்து வந்து சேர்ந்தது.

ரொட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. கேழ்வரகின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம். கம்பு மேற்கு ஆப்பிரிக்கா. மாலி நாட்டில் இன்றைக்குச் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முந்தைய பயிரிட்ட கம்பின் தடயம் கிடைத்திருக்கிறது. சில நூறு ஆண்டுகளில் அது இந்தியாவுக்கு வந்துவிட்டது. பச்சை மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்ச்சுகீசியர் வந்த பிறகுதான் இங்கே. கல்லில் விடுகிற கடலெண்ணெய்க்கு மூலமான நிலக்கடலையும் அங்கிருந்துதான். முருங்கை இமயமலை அடிவாரத்து மரம். காரட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், “அது என்னத்துக்குடா ரொட்டிக்குள்ள?” என்று அம்மா இன்னமும் கேட்கிறார்.

ஆக, நான் ‘ஆயிரம் வருசப் பாரம்பரியம்’ என்று பீற்றிக்கொண்ட, மிளகாய் போட்டுக் கடலெண்ணெயில் சுட்ட காய்கறி ரொட்டிக்கு ஐந்நூறு வயதுகூட இருக்க முடியாது.

பள்ளத்தாக்கில் ஒரு கோடு

இங்கே நான் ஒரு தப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும். கம்பம் பள்ளத்தாக்குக்கு நெல்லைக் கொண்டுவந்ததே முல்லைப் பெரியாறு அணைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. சின்னமனூரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளில் பெரியது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட ராஜசிம்ம பாண்டியன் காலத்தது. அரசன் நிலதானம் கொடுக்கிற அளவுக்கு இந்தப் பக்கம் அப்போதே செழிப்பு இருந்திருக்கிறது. சுருளியாற்றை ஒட்டிய பழைய வாய்க்கால்களில் பெரியாற்றுத் தண்ணீருக்கு முன்பே நெல் விளைந்தது. தண்ணீர் எல்லா வருசமும் வரும் என்ற நிச்சயம்தான் அப்போது இல்லை.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய தாது வருசப் பஞ்சத்துக்குப் பிறகுதான், மேற்கே ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886 அக்டோபர் 29ல் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை. 1887ல் வேலை ஆரம்பம். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் திறந்துவைத்தார். கட்டியவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்த தண்ணீரின் முதல் இலக்கு மதுரை, மேலூர்ப் பக்கம். வழியில் இருந்த எங்கள் பள்ளத்தாக்குக்கும் அதில் பங்கு கிடைத்தது. இன்றைக்கும் லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் என்பது செய்தித்தாளில் வருசா வருசம் வருகிற எண். முதல் போகத்துக்கு ஜூன் முதல் வாரத்தில் தண்ணீர் திறந்தார்களா இல்லையா என்பதுதான் ஊருக்கு அன்றைய தலைப்புச் செய்தி.

ஜனவரி 15 பென்னிகுயிக் பிறந்தநாள். பொங்கலும் அதை ஒட்டியே வருவதால் பாலார்பட்டி மாதிரி ஊர்களில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்ப்பில் 2013ல் மணிமண்டபமும் வந்தது. அந்தப் பானையில் பொங்குவது அரிசி. கம்பும் கேப்பையும் அல்ல.

ஆனால் தண்ணீர் போகாத மேட்டுக்காடுகள் அப்படியேதான் இருந்தன. ஆண்டிபட்டிப் பக்கம் இதில் ரொம்ப விசித்திரம். 1959ல் திறந்த வைகை அணை அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். அணை பக்கத்தில், பாசனம் முக்கியமாகக் கீழே மதுரைப் பக்கம். மேட்டில் இருந்தவர்கள் மழையைப் பார்த்துக்கொண்டு சோளமும் கம்பும் விதைத்தார்கள். இப்படித்தான் ஒரே பள்ளத்தாக்குக்குப் பக்கத்தில் பக்கத்தில் சோற்று ஊர், களி ஊர் என்று ஒரு கோடு விழுந்தது.

அந்தக் கோட்டைத் தாண்டி வந்தவர்

என் அப்பா சின்னமனூருக்குப் பக்கத்து ஊர். வாய்க்கால் பாசனம், இருபோகம். அம்மா அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கத்திலிருந்து 1976ல் வாக்கப்பட்டு வந்தவர்.

“வந்த புதுசுல ஒருநா கேப்ப மாவு கொண்டாந்து களி கிண்டுனேன். எனக்கு மட்டுந்தான், கொஞ்சூண்டு. உங்க அப்பத்தா பாத்துட்டு, ‘நெல்லு வெளையிற வீட்டுல இது என்ன பஞ்சத்துச் சோறு, நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாக’ன்னு கேட்டாக. வையல. கேக்கத்தான் செஞ்சாக. அதுக்கப்புறம் நான் கிண்டல.”

எத்தனை வருசமாக என்றேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “உனக்குக் கல்யாணம் ஆகுறவரைக்கும்” என்றார். நான் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். அம்மாவுக்குப் பிடித்த சாப்பாடு எது என்பது எனக்குத் தெரியாமலே பி.இ. முடித்திருக்கிறேன்.

அப்பத்தாவைக் கெட்டவராக்க எனக்கு மனசில்லை. அவருடைய சின்ன வயதில் கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, சுளகில் புடைத்து, உமி போகும்வரை திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். கேப்பையைத் திருகையில் போட்டு விடியுமுன் அரைக்க வேண்டும். அவர் உள்ளங்கையில் கடைசிவரை காய்ப்பு இருந்தது. ரைஸ்மில்லுக்கு நெல்லை அனுப்பினால் அரிசியாகத் திரும்பி வருகிறது என்பது அவருக்கு எப்பேர்ப்பட்ட விடுதலை! அரிசியை அந்தஸ்து என்று மட்டும் எழுதினால் பாதிதான் உண்மை. அது கை வலி இல்லாத காலையும்கூட.

மட்டத் தானியம், ஊட்டத் தானியம்

பிறகு அரிசி மேட்டுக்காட்டுக்கும் போனது. 1966ல் ஐஆர் 8 நெல், 1967ல் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி, பிறகு ரேஷன் கடை, 2008ல் கிலோ ஒரு ரூபாய், 2011 ஜூனிலிருந்து இலவசம். அம்மாவின் ஊரிலும் உரல் கவிழ்ந்தது. யாரும் வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை.

அடுத்த திருப்பம் டெல்லியிலிருந்து வந்தது. அதுவரை அரசுக் காகிதங்களில் ‘மட்டத் தானியம்’ என்ற பொருளில் வழங்கிய பயிர்களுக்கு 2018ல் ‘ஊட்டத் தானியம்’ என்று பெயர் மாற்றினார்கள். இந்தியா முன்மொழிய, 2023ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக்கியது. அதே ஆண்டில் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். தானியம் அதேதான், பெயர்தான் மாறியது. 1976ல் ஒளித்துத் தின்னவேண்டியிருந்த மாவை இப்போது சென்னை சூப்பர் மார்க்கெட்டில் அரிசியைவிடக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறேன். அம்மா பில்லைப் பார்த்தால் திட்டுவார் என்று கிழித்துப் போட்டுவிடுவேன்.

அம்மாவின் ரொட்டி

எங்கள் வீட்டில் இப்போது ரொட்டிதான் ஜெயித்திருக்கிறது. காரணம் எளிது. நாலே பேர், கேஸ் அடுப்பு, எண்ணெய்க்குப் பஞ்சமில்லை. அம்மா சொன்ன நாலு நிபந்தனையில் மழையைத் தவிர எல்லாம் கைவசம். செய்முறை இதோ:

கேப்பை மாவு இரண்டு கப். உருவிய முருங்கைக்கீரை ஒரு பெரிய கை. சின்ன வெங்காயம் பத்து, பச்சை மிளகாய் இரண்டு, பொடியாக நறுக்கியது. உப்பு. வெங்காயத்தையும் கீரையையும் துளி எண்ணெயில் ஒரு வதக்கு வதக்கி மாவில் கொட்டி, கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கரண்டியால் கிளற வேண்டும். சூடு தாங்குகிற அளவுக்கு ஆறியதும் கையால் பிசைந்து, மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். ஈரத்துணியில் அல்லது வாழை இலையில் வைத்துத் தட்டி, காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு, மிதமான தீயில் மூடி வேகவிட்டுத் திருப்புங்கள். தீ கூடினால் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும்.

சோள மாவுக்குச் சுரைக்காயைத் துருவிச் சேர்ப்பார். அதிலேயே தண்ணீர் விடும், ரொட்டி ஆறினாலும் மிருதுவாக இருக்கும். கம்பில் கொழுப்பு சுமார் 5 சதவீதம், அதனால் மாவு சீக்கிரம் காறல் அடித்துக் கசக்கும். தானியமாக வாங்கி, வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைப்பது நல்லது.

ஆரோக்கியம் பற்றி இரண்டு வார்த்தை. கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 360 மில்லிகிராம் கால்சியம். தீட்டிய அரிசியில் பத்தைத் தொடாது. இது பெரிய வித்தியாசம்தான். ஆனால் ‘சுகருக்கு மருந்து’ என்று நம்பிவிடாதீர்கள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. வீட்டு மீட்டரில் ஒரு மாதம் குறித்து எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். நைசாக அரைத்த மாவில் நாலு ரொட்டி சாப்பிட்ட நாளும், சோறு சாப்பிட்ட நாளும் ஏறக்குறைய ஒன்றுதான். கொரகொரப்பாக அரைத்து, மாவுக்குச் சமமாகக் கீரை காய் சேர்த்து, இரண்டோடு நிறுத்தி, கூடவே தட்டாம்பயறு சுண்டல் சாப்பிட்ட நாள்களில் ஏற்றம் குறைவு. ஒரே ஆளின் ஒரு மாதக் கணக்கு, அவ்வளவுதான். தைராய்டு தொந்தரவு இருப்பவர்கள் தினமும் கம்பையே சாப்பிடுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

புராஜெக்டுக்கு மகள் கடைசியில் ‘களி’ என்றே எழுதினாள். கீழே ஒரு வரியில் ரொட்டியும் உண்டு, மழைநாளில். படம் வேண்டுமே, அதனால் அம்மா களி கிண்டினார். துடுப்பைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது, கை எதையும் மறக்கவில்லை. உருண்டை பிடித்து, நடுவில் குழித்து, கருவாட்டுக் குழம்பை ஊற்றி வைத்தார். மகள் நாலு கோணத்தில் போட்டோ எடுத்தாள். இன்னும் ஒன்று எடுக்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“போதும் தாயி. ஆறிப்போகும்.”