கொண்டைக்கிளியின் பெயர்க்காரணம்

உச்சியில் விரியும் சிறகுக்கொண்டையைக் கண்டு தமிழர் ‘கொண்டைக்கிளி’ என்றனர். அது கண்ணால் இட்ட பெயர். அப்பறவை வாழும் இந்தோனேசியத் தீவுகளில் வழங்கும் மலாய்ப் பெயர் ‘கக்கத்துவா’ என்பதாம். டச்சு மொழியின் வழியே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்த இச்சொல் ‘காக்கட்டூ’ எனத் திரிந்தது. சேவலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சாயல் அதன் முதலசையிற் படிந்தது என்பர்.

சொல்லுக்கு முன்பே பறவை ஐரோப்பாவை அடைந்துவிட்டது. எகிப்தியச் சுல்தான் அல்-காமில், பேரரசர் இரண்டாம் பிரடெரிக்குக்கு வெண்கொண்டைக்கிளி ஒன்றைப் பரிசளித்தார். 1240களில் பேரரசர் இயற்றிய வல்லூறு வேட்டை நூலின் வத்திக்கான் சுவடியில் அதன் ஓவியங்கள் நான்கு இருத்தலை 2018இல் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

இனிப் பொருளுக்கு வருவோம். மலாயில் ‘கக்கக்’ என்பது உடன்பிறந்த மூத்தவரையும், ‘துவா’ என்பது முதுமையையும் குறிக்கும். ஆகவே ‘முதிய அக்காள்’ என்பதே பெயர்ப்பொருள் என்று அகராதிகள் சிலவும் கூறும். நெடுநாள் வாழும் பறவைக்கு இவ்விளக்கம் இனிதே பொருந்துகிறது. வகுப்பறையில் யானும் இதனைப் பல்லாண்டு உவந்து சொன்னதுண்டு. அதனை ஐயமற உரைத்தது என் பிழை.

ஏனெனில், மலாய்க்கு இனமான ஆஸ்திரோனேசிய மொழிகளை நோக்கின் வேறொன்று புலப்படும். நியூசிலாந்தின் மாவோரி மொழியிற் ‘காக்கா’ என்பது ஒரு கிளியின் பெயர். ‘காக்காப்போ’ என்பது இராக்கிளி. தொங்க மொழியிலும் கிளிக்குக் ‘கக்கா’ என்றே பெயர். அங்கெல்லாம் அக்காளும் இல்லை, முதுமையும் இல்லை. பறவையின் கரகரத்த குரலே பெயராயிற்று என்பதே பொருத்தமுடைத்து. உறவுமுறைப் பொருள், பழகிய ஒலியைக் கேட்ட மக்கள் பின்னர் ஏற்றியதாகலாம். நம் ‘காக்கை’யும் கரைதலாற் பெற்ற பெயரன்றோ?

மலாய் மக்கள் ஆணி பிடுங்கும் குறட்டையும் ‘கக்கத்துவா’ என்பர். இங்கே அலகின் வடிவே காரணம். செவியிற் பிறந்த பெயர் கண்ணின் வழியே கருவிக்குச் சென்றது.

சொற்பொருளின் காரணம் எளிதிற் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்தார். காரணமே இல்லையென்று அவர் கூறவில்லை. விரைந்து முடிவு கட்டாதே என்பதே குறிப்பு. கவிஞர் ‘முதிய அக்காளை’த் தாராளமாகப் பாடலாம், கற்பனைக்கு அவ்வுரிமை உண்டு. ஆயின் அதனை வரலாறென்று எழுதுமுன் ஆய்வாளர் அப்பறவையின் குரலையும் ஒருமுறை கேட்டல் வேண்டும்.