மணத்தூதும் ஈமச்சடங்கும்

கி.பி. 945-ஆம் ஆண்டில், திரெவ்லியர் என்னும் வனவாசிகளிடம் கப்பம் பெற்றுத் திரும்பிய கீவ் அரசன் இகோர், பெற்றது போதாதென்று படையின் பெரும்பகுதியை ஊருக்கு அனுப்பிவிட்டுச் சிறு பரிவாரத்தோடு மறுபடியும் வசூலுக்குச் சென்றபோது, இஸ்கோரொஸ்தென் நகரின் அருகே அவர்களால் கொல்லப்பட்டான். பேராசைக்குக் கிடைத்த தண்டனை என்று அதனோடு விட்டிருக்கலாம். கொன்றவர்களோ, தங்கள் தலைவன் மாலுக்கு இகோரின் விதவை ஓல்காவைப் பெண் கேட்க இருபது பெரியோரைப் படகேற்றி அனுப்பினார்கள்.

கணவனைக் கொன்ற கையோடு மனைவியைக் கேட்பது நமக்கு விபரீதமாகத் தோன்றினாலும், ராஜ்யத்தையும் ராணியையும் ஒருசேரக் கவரக் கருதியவர்களுக்கு அது ராஜதந்திரமே. அவளுடைய பாலகனான மகன் ஸ்வியாத்தொஸ்லாவைப் பிறகு இஷ்டம்போல் செய்துகொள்ளலாம் என்றும் அவர்கள் பேசிக்கொண்டதாக, 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீவ் துறவிகள் தொகுத்த வரலாற்றேடு கூறுகிறது. ஆகவே ஓல்காவின் வஞ்சத்தை வெறும் பதிவிரதையின் துக்கமாகப் படிப்பவர் அதில் பாதியைத்தான் படித்தவராவார். மகனுடைய உயிரையும் அவனுக்குரிய சிம்மாசனத்தையும் பற்றிய அச்சமே மற்றப் பாதி. துக்கம் மட்டுமே இருந்திருந்தால் வந்தவர்களை வாசலிலேயே வெட்டியிருப்பாள். அச்சம் அவளுக்கு நிதானத்தைக் கற்பித்தது.

மாட்டேன் என்று அவள் ஒருமுறையும் சொல்லவில்லை. தூதரைப் படகோடு சுமந்துவரச் செய்து, அரண்மனை முற்றத்தில் வெட்டிவைத்த குழியில் தள்ளி உயிரோடு புதைத்தாள். அடுத்து வந்த மேன்மக்களை நீராடி வரும்படி உபசரித்து, குளியல் வீட்டைத் தாழிட்டுத் தீயிட்டாள். பின்பு கணவன் சமாதியருகே விருந்து வைத்து, மதுமயக்கத்தில் கிடந்தவர்களைக் கொல்லுவித்தாள். மாண்டவர் 5000 பேர் என்னும் கணக்கு துறவிகளின் உற்சாகத்தைக் காட்டுவதென்றே நான் கொள்கிறேன். ஆனால் படகும் நீராட்டும் நெருப்பும் விருந்தும் அந்நாட்டு ஈமச்சடங்கின் அங்கங்களே என்று ருஷ்ய அறிஞர் சிலர் காட்டியிருப்பது சிந்திக்கத்தக்கது. கல்யாணம் பேச வந்தவர்களுக்கு அவள் கருமாதி நடத்தினாள். அவர்களோ அதனைச் சம்பந்தி மரியாதையென்று எண்ணி மகிழ்ந்திருந்தார்கள்.

மறு ஆண்டு இஸ்கோரொஸ்தெனை முற்றுகையிட்டு, வீட்டுக்கு மூன்று புறாவும் மூன்று குருவியும் கப்பமாகப் பெற்று, அவற்றின் கால்களில் தீக்கொளுத்திப் பறக்கவிட்டு ஊரை எரித்த கதை எல்லோரும் விரும்பிச் சொல்வது. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அதன் பின் நடந்த காரியம். நாடு முழுவதும் சுற்றி, இன்ன இடத்தில் இவ்வளவு என்று கப்பத்துக்கு வரையறை செய்து, வசூலுக்குத் தனி நிலையங்களையும் அவள் அமைத்தாள். இகோரைக் கொன்றவர்களை அழித்தவளே, அவனைக் கொல்லத் தூண்டிய குறையையும் ஓசையின்றித் திருத்தினாள்!

அவள் கான்ஸ்தாந்திநோபிளுக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்றபோது சக்கரவர்த்தியும் அவளை மணக்க விரும்பினானென்றும், அவனையே ஞானத்தந்தையாக்கிக்கொண்டு, மகளை மணப்பது முறையோ என்று அவள் மடக்கினாளென்றும் அதே ஏடு கூறும். அவள் சென்று கண்ட சக்கரவர்த்தி ஏழாம் கான்ஸ்டன்டைனுக்கு ஹெலினா என்னும் பட்டத்தரசி உயிரோடிருந்தாள். மாலின் கதையோடு திருப்தியடையாத ஏட்டாசிரியர், ஓல்காவிடம் தோற்பதற்கென்றே இன்னொரு வரனைக் கற்பித்திருக்கிறார்.