வளரும் உடலும் அளவெடுத்த உடுப்பும்: யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளின் ஆடைத் திருத்தம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிள்ளைகளின் உடுப்பை அவர்களது வளர்ச்சிக்கேற்பத் திருத்திக்கொள்ளும் வழக்கம், தைத்த ஆடை அங்கு பரவிய பின்னரே தேவையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெரும்பாலானோர் உடுத்தது தைக்கப்படாத துணியே. சுற்றி உடுக்கும் துணியில் ஒரு மடிப்பைக் குறைத்தால் அது அடுத்த ஆண்டும் பிள்ளைக்குப் பொருந்தும். தோளுக்கும் மார்புக்கும் அளவெடுத்து வெட்டிய சட்டையோ, துணி நைந்து போகுமுன்னரே சிறுத்துவிடும்.

தைத்த ஆடையைப் பிள்ளைகளிடையே பரப்பியதில் மிஷன் பாடசாலைகளுக்குப் பெரும் பங்குண்டு. 1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் 1824இல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலையை நிறுவினர். ஹரியற் வின்ஸ்லோவின் பொறுப்பில் தொடங்கிய அப்பாடசாலையில் வாசிப்போடும் வேதபாடத்தோடும் தையலும் கற்பிக்கப்பட்டது. நல்ல மனைவிக்கும் தாய்க்கும் உரிய ஒழுக்கப் பயிற்சியாகவே தையலை மிஷனரிமார் கருதினர். ஆயினும் தைத்த ஆடை எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே காலத்தில் கிட்டவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலுடம்பை மறைப்பதை ஆதிக்க சாதியினர் நீண்டகாலம் தடுத்து வந்தமையால், அவர்களின் பிள்ளைகள் சட்டை அணிந்து பாடசாலைக்குச் செல்வது சமூக உரிமைக் கோரிக்கையாகவும் அமைந்தது.

1877இல் இலங்கையில் வணிகத்தைத் தொடங்கிய சிங்கர் நிறுவனம், தவணைமுறையில், அதாவது விலையைச் சிறு தொகைகளாகப் பகுத்துச் செலுத்தும் முறையில், தையல் மெசினை விற்றமையால், காலப்போக்கில் நடுத்தர வீடுகளாலும் அதனை வாங்க முடிந்தது. நகரத்தில் தையற்தொழில் செய்தோரில் கணிசமானோர் சோனகர் தெருவையும் அதன் அயலையும் சேர்ந்த முஸ்லிம்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புத்துடுப்பு அவர்களிடம் தைக்கப்பட்டாலும், பின்னர் அதைப் பெருப்பிப்பதும் ஒட்டுப்போடுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலையாகவே இருந்தன.

இத்திருத்தம் துணியை வெட்டுமுன்னரே தொடங்கும். பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்குமாதலால் அதை ஊறவைத்து உலர்த்திய பின்பே அளவிடுவர். சட்டையின் கீழோரத்தை அகலமாக உள்ளே மடித்து, பக்கத் தையல்களின் உட்புறத்திலும் துணி விட்டுத் தைப்பர். பிள்ளை உயர்ந்ததும் மடிப்பைப் பிரிக்கும்போது பழைய மடிப்பின் கோடும் வெயில் படாத பகுதியின் கடும் நிறமும் தெரியும். அவற்றை மறைக்க றேந்தை எனப்படும் பின்னல் ஓரத்தையோ நாடாவையோ மேலே வைத்துத் தைப்பது வழக்கம். பாவாடையில் கிடையாக இடப்படும் மடிப்புத் தையல்கள் அலங்காரமாகத் தோன்றினாலும் அவை சேமித்து வைத்த உயரமேயாகும். அவையும் தீர்ந்தபின் வேறு நிறத் துணியில் கரை இணைக்கப்பட்டது. தகப்பனின் நீளக் காற்சட்டையில் முழங்காலுக்குக் கீழான பகுதி அதிகம் தேயாதாகையால், அதிலிருந்து சிறுவனுக்கு அரைக் காற்சட்டை வெட்டலாம். தாயின் பழைய நூற்சேலையின் நைந்த இடங்களை விலக்கிச் சிறுமிக்குச் சட்டை தைக்கலாம். மென்மையாகிவிட்ட பழைய வேட்டி பிறந்த குழந்தைக்கு விரிப்பாகவும் சுற்றும் துணியாகவும் பயன்பட்டது.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளின் தொகை பெருக, வெள்ளைச் சீருடை ஏழை வீடுகளுக்கும் ஆண்டுதோறும் வரும் செலவாயிற்று. குடாநாட்டின் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய வன்னீர், அதாவது சவர்க்காரம் எளிதில் நுரைக்காத நீர், ஆதலால் வெள்ளைத் துணி விரைவில் மங்கும்; அதன் மஞ்சள் சாயலை நீலம் போட்டு மறைத்து, கஞ்சி போட்டு விறைப்பாக்கி, தம்பிக்கு அண்ணனின் சேர்ட்டைப் புதிது போலக் கொடுத்தனர்.

பற்றாக்குறைக் காலங்களில் இத்திறன் மேலும் இன்றியமையாததாயிற்று. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு துணியை அரிதாக்கியது. 1990இல் அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டின்மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. சவர்க்காரம் கிடையாதபோது பனம்பழத்தின் களியால் உடுப்புத் தோய்க்கும் பழைய முறைக்குச் சிலர் திரும்பினர். அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, தலைமுறைகளாகத் தொழில் பழகிய தையற்காரர்களையும் நகரம் ஒரே நாளில் இழந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரால் குடாநாட்டின் வலிகாமப் பகுதி மக்கள் பெருந்திரளாகத் தென்மராட்சிப் பகுதிக்கு இடம்பெயர்ந்தபோது, சுமக்க முடிந்த சில உடுப்புகளே பிள்ளைகளுக்கு எஞ்சின.

2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி மீண்டும் திறக்கப்பட்டதும் கொழும்பிலிருந்து வந்த ஆயத்த ஆடைகளும், புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய பணமும் பொதிகளும் உடுப்பைத் திருத்தும் தேவையைக் குறைத்தன. மலிவான ஆயத்த ஆடைகளில் தையலோரம் குறுகலாக வெட்டப்படுவதால், விரும்பினாலும் அவற்றைப் பெருப்பிப்பது கடினம். ஆயினும் அரசு வழங்கிய இலவசச் சீருடை துணியாகவே கைக்கு வந்தமையால், ஊர்த் தையற்காரிக்கு ஆண்டின் தொடக்கத்தில் வேலை இருந்தது.

யாழ்ப்பாணத்தின் கல்வி வரலாறு பெரும்பாலும் பாடசாலை நிறுவுநர்களையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் கொண்டே எழுதப்படுகிறது. ஆனால் இல்லற ஒழுக்கமாகக் கற்பிக்கப்பட்ட தையலே, ஒரு சீருடையை இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு நீட்டி, அவர்களை வகுப்பறையில் நிலைக்கச் செய்தது. கூலியோ கணக்கோ இல்லாத அவ்வுழைப்பைச் சேர்க்காமல் இலவசக் கல்வியின் உண்மையான செலவைக் கணக்கிட முடியாது.